தடைக்காலத்தில் கடற்கரையில் எந்தப் படம் போடுவது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் ஜெட்டியை ஒட்டிப் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். சிலர் வலையைச் சீர்பார்ப்பார்கள், சிலர் படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், சிலர் கேரளக் கரைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களுக்குப் பொழுது நிறைய, கையில் காசு குறைச்சல். எங்கள் ஊர் வாசகசாலைக்காரர்கள் இந்த நாட்களில் ஒரு ராத்திரி கடற்கரையில் திரை கட்டிப் படம் போடலாம் என்கிறார்கள். கடல்சனத்தின் பிழைப்பைச் சொல்கிற படமாக இருக்க வேண்டும். ஆவணப்படம் வேண்டாம், கதைப்படம்தான் வேண்டும். இதுவரை எல்லோருக்கும் சம்மதம். எந்தப் படம் என்பதில்தான் தகராறு.

வந்து விழுந்த பெயர்கள்: படகோட்டி, செம்மீன், நீர்ப்பறவை, கடல், செங்கடல், வெளிநாட்டுப் பக்கம் லா தெர்ரா த்ரேமா, லுட்ஸு, பெயிட். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ என்றும் ஒரு குரல் கேட்டது. அதில் ராமேஸ்வரத்து அகதி முகாம் வருகிறது, உண்மைதான். மீன்பிடித் தொழில் வரவில்லை. ‘கடல்’ 2013இல் ஜெயமோகன் கதையை மணிரத்னம் எடுத்தது. பாவம், மன்னிப்பு, பாதிரியார், சாத்தான் என்று போகிற படம் அது. கடல் பின்னால் விரித்த படுதாவாக நிற்கிறது. இந்த இரண்டையும் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். மிச்சம் 7.

என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: படத்தில் கணக்கு வருகிறதா? அலையையும் அந்திச் சூரியனையும் கேமரா வைத்திருக்கும் யாரும் எடுத்துவிடலாம். கரையில் அழுதபடி நிற்கும் பெண்ணையும் எடுத்துவிடலாம். ஆனால் டீசலுக்கு எவ்வளவு, ஐஸுக்கு எவ்வளவு, அதைக் கழித்தபின் படகுக்கு எத்தனை பங்கு, ஆளுக்கு எவ்வளவு, முன்பணம் கொடுத்தவர் இறாலுக்கு என்ன விலை போட்டார், அதை மறுத்துப் பேச முடிந்ததா முடியவில்லையா என்பதெல்லாம் தெரியாமல் இந்தக் கரையின் ஒரு நாளைக்கூடப் புரிந்துகொள்ள முடியாது. இங்கே கல்யாணத் தேதி, பிள்ளையின் கல்லூரிப் படிப்பு, அண்ணன் தம்பிச் சண்டை எல்லாமே அந்தக் கணக்கில்தான் தொங்குகின்றன. கணக்கை விட்டுவிட்டு உணர்ச்சியை மட்டும் எடுக்கும் படத்தை வெளியூர்க்காரர்கள் ரசிப்பார்கள். முன்வரிசையில் மணலில் உட்கார்ந்திருக்கும் ஆள் எழுந்து பீடி பற்றவைக்கப் போய்விடுவார்.

தமிழில் இது தெரியாத சங்கதி இல்லை. 2011இல் வந்த ‘ஆடுகளம்’ மதுரைச் சேவல்கட்டைப் பற்றியது. சேவலைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்கும் அந்தப் படம் முடியும்போது அந்த ஆட்டத்தின் சட்டதிட்டம் பாதி புரிந்திருக்கும். 2021இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’யும் அப்படித்தான். வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் வீம்பு, வாத்தியாருக்குக் கொடுக்கிற மரியாதை, எமர்ஜென்சி கால அரசியல் எல்லாம் அந்த விளையாட்டின் வழியாகவே உள்ளே வருகின்றன. கதை அந்தத் தொழிலுக்குள் இருந்து முளைக்கிறது. கடலோரப் படங்களில் பெரும்பாலும் கதை வெளியிலிருந்து வந்து இறங்குகிறது. காதலும் பழியும் கொலையும் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். இந்த முறை கடற்கரையில் நடக்கிறது, அவ்வளவுதான்.

நிஜ மீனவர்களையே நடிக்க வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1934இல் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி அயர்லாந்தின் அரன் தீவுகளில் எடுத்த ‘மேன் ஆஃப் அரன்’ ஆவணப்படம் என்றே பெயர் வாங்கியது. அதில் வரும் அப்பா, அம்மா, மகன் மூவரும் உண்மையில் ஒரு குடும்பமே இல்லை. படத்தின் உச்சக் காட்சியான சுறா வேட்டை அந்தத் தீவில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நின்றுபோன தொழில். படத்துக்காக ஆட்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்து எடுத்தார்கள். ஆள் நிஜம், தீவு நிஜம், தொழில் மட்டும் பொய். கதைப்படம் என்று ஒப்புக்கொண்டு எடுக்கும் படம் இதைவிட நேர்மையாக இருக்கலாம்.

உள்ளூர்ப் பக்கம்

முதலில் ‘படகோட்டி’. 1964. எம்.ஜி.ஆர், சரோஜா தேவி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி, வாலியின் பாட்டுகள். “தம்பி, கஷ்டத்தை நாங்க தினமும் பாக்குறோம். லீவு நாள்லயும் அதையே காட்டுவியா? எம்.ஜி.ஆர் படம் போடுப்பா” என்று பெரியவர் ஒருவர் சொன்னார். இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. படத்தைத் திரும்பப் பார்த்தால், மீனவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து அடித்துக்கொள்ள, அந்தச் சண்டையில் குளிர்காய்வது மீன்பிடிக்காத பணக்காரன். அந்த அரசியல் இன்றைக்கும் செல்லும். ஆனால் அந்தப் படத்தில் ஒருவர் கையிலும் காய்ப்பு இல்லை, ஒருவர் சட்டையிலும் மீன் செதில் இல்லை. பாட்டு நிகழ்ச்சியாகப் போட்டால் கூட்டம் கூடவே பாடும். நாங்கள் தேடுவது அது இல்லை.

‘செம்மீன்’ வேறு ரகம். தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் எழுதிய நாவல். ராமு காரியாட் 1965இல் படமாக்கினார். தென்னிந்தியாவுக்கு முதல் முறையாக ஜனாதிபதியின் தங்கப் பதக்கத்தை வாங்கிக்கொடுத்தது. சலீல் சௌத்ரி இசை, மார்கஸ் பார்ட்லி கேமரா. நாவலை சுந்தர ராமசாமி தமிழாக்கியிருப்பதால் வாசகசாலைக்காரர்களுக்கு இதன் மேல் கூடுதல் பாசம்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் கருத்தம்மா, பரீக்குட்டி, கடலம்மா என்று காதலிலும் சாபத்திலுமே நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதில் முக்கியமான ஆள் கருத்தம்மாவின் அப்பா செம்பன்குஞ்சு. சொந்தமாகத் தோணியும் வலையும் வாங்க வேண்டும் என்கிற வெறி. அதற்காக வியாபாரி பரீக்குட்டியிடம் கடன் வாங்குகிறார். பிடிபடும் மீனை அவனுக்கே தருவதாகப் பேச்சு. தோணி வந்தபின் அந்தப் பேச்சு காற்றோடு போகிறது. கூலியாளாக இருந்தவன் முதலாளி ஆகும்போது மனசு எப்படி இறுகிப்போகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன படம் தென்னிந்தியாவில் குறைவு. அந்த முதல் பாதி நம் கரையில் யாருக்கும் விளக்கம் இல்லாமலே புரியும்.

சிக்கல் இரண்டாம் பாதியில். கரையில் இருக்கும் பெண்ணின் கற்புதான் கடலில் இருக்கும் புருஷனைக் காப்பாற்றுகிறது என்ற நம்பிக்கையின் மேல் முழுக் கதையும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கடன் கணக்கு மறைந்து சாபக் கணக்கு வந்துவிடுகிறது. மீனவர் வாழ்க்கையை இப்படிக் காட்டலாமா என்ற விமர்சனம் கேரளத்திலேயே எழுந்ததுதான். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்கள் முன்னால் இதைப் போடும்போது இன்னொரு சங்கடமும் உண்டு. அவர்கள் கரையில் நின்று கும்பிடுகிறவர்கள் இல்லை. தாங்களே தண்ணீருக்குள் மூழ்கிக் கடல்பாசி எடுக்கிறவர்கள். அவர்கள் வீட்டுக்கு வரும் ஆபத்துக்கும் அவர்கள் ஒழுக்கத்துக்கும் முடிச்சுப் போடும் கதையை ஒலிபெருக்கி வைத்துச் சொல்ல எனக்குக் கை வரவில்லை.

அப்புறம் ‘நீர்ப்பறவை’. சீனு ராமசாமி 2012இல் எடுத்தது. தமிழில் கடல்சனத்தைப் பற்றி வந்த வணிகப் படங்களில் இதற்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன். காரணம், அதில் படகு சும்மா கிடைப்பதில்லை. குடிகாரனாகக் கிடந்த அருளப்பசாமி திருந்திக் கடலுக்குப் போக நினைக்கும்போது, ஊர் அவனுக்கு அந்த உரிமையையே கொடுக்க மறுக்கிறது. கடலிலிருந்து எடுத்து வளர்த்த பிள்ளை அவன். இந்தக் கரையில் பிறந்தவன் இல்லை. யார் கடலுக்குப் போகலாம், யார் போகக் கூடாது என்பதை ஊரும் கோயிலும் சேர்ந்து தீர்மானிக்கும் பழக்கம் வெளியாட்களுக்குத் தெரியாது. படம் அதைத் தொடுகிறது. படகு கட்டும் முஸ்லிம் பெரியவராக சமுத்திரக்கனி வருகிறார். கீழக்கரை, தொண்டி பக்கம் உள்ளவர்களுக்கு அந்தப் பாத்திரம் அந்நியமாகத் தெரியாது. சரண்யா பொன்வண்ணனும் ‘பூ’ ராமுவும் வரும் வீட்டுக் காட்சிகளில் பேச்சும் முகமும் உறுத்தவில்லை.

ஆனால் கடலில் நடக்கும் சாவுக்கு வரும்போது படம் ஒரே பக்கம் பார்க்கிறது. துப்பாக்கி, இலங்கைக் கடற்படை, பிணம். அந்தத் துயரம் பொய் இல்லை. இந்த ராமேஸ்வரம் தீவில் அது தொடாத தெரு கிடையாது. சொல்லாமல் விட்டது இன்னொன்று. நம் விசைப்படகுகளின் இழுவைமடி பாக் நீரிணையின் அடித்தரையை வழித்துக்கொண்டு போகிறது. எதிர்க்கரையில் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் போட்டு வைத்த வலைகள் அதில் அறுந்துபோகின்றன. அவர்களும் தமிழர்கள்தான். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. இங்கே நாட்டுப்படகுக்காரர்களும் இதே குறையைத்தான் சொல்கிறார்கள். வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு வந்ததே இந்தச் சண்டையால்தான். இந்த இரு தரப்பு நியாயத்தை எந்தத் தமிழ்ப் படமும் இதுவரை தொட்டதாக நான் பார்க்கவில்லை. தொட்டால் இரண்டு பக்கமும் அடி விழும் என்ற பயமோ என்னவோ.

‘செங்கடல்’ நம் ஊரிலேயே எடுத்த படம். லீனா மணிமேகலை தனுஷ்கோடியில் அங்குள்ள மீனவர்களையும் அகதிகளையும் நடிக்க வைத்து எடுத்தார். 2011இல் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு அதே ஆண்டில் வெளியே வந்தது. கடலில் எடுத்த காட்சிகளும் சனங்கள் கோபத்தில் திட்டும் திட்டும் அப்படியே இருக்கின்றன; தணிக்கைக்காரர்களுக்கு உறுத்தியது அதுதான் போல. என் மனக்குறை, படம் எடுக்க வந்த பெண்ணின் கதை பல இடங்களில் தனுஷ்கோடிக்காரர்களின் கதையை ஓரம் தள்ளிவிடுகிறது. எப்படியிருந்தாலும் இது ‘ஏ’ சான்றிதழ் படம். திறந்த கடற்கரையில் குழந்தைகளை வீட்டுக்குப் போகச் சொல்லி யாரால் ஆகும்? பெரியவர்களுக்கு மட்டும், மூடிய அறையில் வைத்துக்கொள்ளலாம்.

சிசிலியின் தராசு

‘லா தெர்ரா த்ரேமா’, 1948. லூக்கினோ விஸ்கோந்தி இத்தாலியின் சிசிலித் தீவில் ஆச்சி திரெட்ஸா என்ற மீனவ ஊருக்குப் போய், தொழில்முறை நடிகர் ஒருவர்கூட இல்லாமல் எடுத்த படம். ஜொவான்னி வெர்காவின் 1881ஆம் ஆண்டு நாவல்தான் அடிப்படை. நாவலில் குடும்பத்தைக் கவிழ்ப்பது கடனுக்கு வாங்கிய ஒரு சரக்கு, கடலில் மூழ்கிப்போன பயறு மூட்டைகள். விஸ்கோந்தி அதை மாற்றி, மீனுக்கு விலை வைக்கும் மொத்த வியாபாரிகளோடு நடக்கும் சண்டையாக ஆக்கினார். பணம் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியிடமிருந்து கொஞ்சம் வந்தது. கடல், சுரங்கம், வயல் என்று மூன்று பாகம் எடுக்கத் திட்டம். கடல் மட்டும்தான் முடிந்தது.

கதை இதுதான். ராத்திரி முழுக்க விளக்கு வைத்து மீன்பிடித்து வருகிறார்கள். கரையில் வியாபாரிகள் கூடிக்கொண்டு விலையை அடிக்கிறார்கள். ந்தோனி என்ற இளைஞன் ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவர்களுடைய தராசைப் பிடுங்கிக் கடலில் எறிகிறான். வீட்டை அடமானம் வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறது குடும்பம். மத்தி போலச் சின்ன மீன் ஏராளமாகக் கிடைக்க, வீட்டிலேயே எல்லோரும் உட்கார்ந்து உப்புப்போட்டுப் பீப்பாயில் அடுக்குகிறார்கள். அந்தக் காட்சியின் சந்தோஷம் பார்க்கிறவர்களையும் தொற்றிக்கொள்ளும். பிறகு புயல். படகு போகிறது. பீப்பாயில் இருக்கும் மீனுக்கு வியாபாரிகள் கேட்கும் விலை பிச்சைக் காசு. வீடும் போகிறது. கடைசியில் ந்தோனி அதே வியாபாரிகளிடம் கூலிக்கு நிற்கிறான்.

தராசு கடலில் விழும் அந்த நிமிஷத்துக்காகவே இந்தப் படத்தை நம் கரையில் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. முன்பணம் வாங்கிய படகுக்காரர் வேறு கம்பெனிக்கு மீன் போட முடியாது. முன்பணம் கொடுத்தவர் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டும். 1948இல் சிசிலியில் இருந்த பூட்டு இங்கே இன்னும் தொங்குகிறது. இன்னொன்றும் எனக்குப் பிடித்திருக்கிறது: இந்தப் படம் புயலின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவில்லை. புயல் எல்லோருக்கும்தான் அடிக்கிறது. அதில் விழுந்தவன் எழுந்திருக்க முடியாமல் போவது ஏன் என்றுதான் கேட்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின் கதையைப் பாட்டி தாத்தா வழியாகக் கேட்டு வளர்ந்த ஊரில் இந்தக் கேள்வி வேறு மாதிரி காதில் விழும்.

மொழியிலும் ஒரு வசதி இருக்கிறது. படத்தில் ஆட்கள் பேசுவது சிசிலி வட்டார மொழி. அதை மற்ற இத்தாலியர்களே புரிந்துகொள்ள முடியாது என்பதால் நடுநடுவே ஒரு குரல் இத்தாலிய மொழியில் கதையை எடுத்துச் சொல்லும். மௌனப்படக் காலத்தில் நம் ஊர்களிலும் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லுவார். அதையே திரும்பச் செய்யலாம்: உள்ளூர்க்காரர் ஒருவர் மைக் பிடித்து நம் பேச்சில் சொல்லிக்கொண்டே போவது. இடைஞ்சல், படத்தின் நீளம். 2 மணி நேரம் 40 நிமிடம், கறுப்பு வெள்ளை, மெதுவான நடை. மணலில் உட்காருகிறவர்களிடம் இவ்வளவு பொறுமையைக் கேட்பது அநியாயம். வாசகசாலை மாடியில், விருப்பப்பட்டவர்களுக்கு, இரண்டு சாயங்காலமாகப் பிரித்துப் போடலாம்.

மால்டாக்காரனின் படகு

‘லுட்ஸு’ 2021இல் வந்தது. மத்தியதரைக் கடலில் மால்டா என்ற குட்டித் தீவு. லுட்ஸு என்பது அவர்களின் நாட்டுப்படகு; பளிச்சென்று வண்ணம் அடித்து, முன்பக்கம் இரண்டு கண் வரைந்திருப்பார்கள். இயக்குநர் அலெக்ஸ் கமிலேரி. கதாநாயகன் ஜெஸ்மார்க் ஷிக்லூனா நிஜத்திலும் மீனவர், படத்தில் பாத்திரத்தின் பெயரும் ஜெஸ்மார்க். அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் நடிப்புக்காகச் சிறப்பு ஜூரி விருது வாங்கினார். அதற்கு முன் அவர் கேமரா முன்னால் நின்ற ஆளே இல்லை.

ஜெஸ்மார்க்கின் படகில் ஓட்டை. வீட்டில் கைக்குழந்தை சரியாக வளரவில்லை, மருத்துவச் செலவு இழுக்கிறது. ஏலத்தில் மீனுக்குக் கிடைக்கும் விலை டீசலுக்கே காணாது. ஒரு இடத்தில் வலையில் பெரிய மீன் சிக்குகிறது; அதைப் பிடிக்கக் கூடாத காலம், செத்த மீனை மறுபடி கடலில் போட வேண்டும். தடைக்காலத்தில் கரையில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தக் காட்சியை எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு நேர் ஜோடி கடல் அட்டை. 2001இல் தடை வந்தது. அதுவரை அதை நம்பியிருந்த குடும்பங்களுக்கு ஒரே நாளில் தொழில் குற்றமாக மாறிப்போனது. ஜெஸ்மார்க்கும் மெல்ல மெல்லக் கள்ள வியாபாரத்துக்குள் போகிறான். படம் அவனைத் திட்டவும் இல்லை, தூக்கிப் பிடிக்கவும் இல்லை.

எனக்கு இந்தப் படத்தில் முக்கியமான இடம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தின் கீழ், மீன்பிடித் தொழிலை விட்டுவிட்டுப் படகை ஒப்படைத்தால் பணம் தருகிறார்கள்; ஒப்படைத்த படகை உடைத்துப்போடுவார்கள். அப்பா, தாத்தா ஓட்டிய படகு. எடுப்பதா, விடுவதா? நம்மூரில் 2017இல் பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடலுக்கு மாற்றும் திட்டம் வந்தபோது வீட்டுக்கு வீடு ஓடிய பேச்சு ஏறக்குறைய இதுதான். அப்போது புதுப் படகின் விலை 80 லட்சம். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம் மானியம். மிச்சத்துக்குக் கைக்காசும் வங்கிக் கடனும். பழைய படகைக் கொடுத்துவிட வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் சிலர் எடுத்தார்கள், பலர் தயங்கினார்கள். ஆழ்கடலுக்குப் போனால் வீடு திரும்ப நாள்கணக்காகும், சூரைக்கு வேறு வலை, வேறு பழக்கம். பாக் நீரிணையில் விடிந்தால் கரைக்கு வரும் தொழிலில் வளர்ந்தவர்களுக்கு அது வேறு பிழைப்பு. ‘லுட்ஸு’ இந்தத் தயக்கத்தைப் புரிந்துகொண்டு எடுத்த படம். யாரும் வசனத்தில் விளக்கவில்லை. படகைத் தடவிப் பார்க்கும் கையிலேயே முழுசும் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. குழந்தையின் நோய் கதைக்கு ஒரு சௌகரியமான முட்டுக்கட்டை. நெருக்கடியைக் கூட்டுவதற்குத் திரைக்கதைக்காரர்கள் வழக்கமாக எடுக்கும் ஆயுதம். மனைவியின் குடும்பம் வசதியானது என்பதும் கொஞ்சம் பழகிய தடம். இதையெல்லாம் மீறி, ஏலக்கூடத்துக் காட்சிகளும் படகுக்குள் ஒட்டுப்போடும் காட்சிகளும் படத்தைத் தாங்கிவிடுகின்றன. நீளம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. வசனமும் குறைவு.

‘பெயிட்’ எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்த படம். 2019, மார்க் ஜென்கின். இங்கிலாந்தின் கார்ன்வால் மீனவ ஊர். பழைய 16 எம்.எம். கேமராவில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, ஃபிலிமைத் தன் கையாலேயே கழுவி, ஒலியை முழுக்கப் பிற்பாடு சேர்த்தார்கள். மார்ட்டின் படகில்லாத மீனவன். அப்பாவின் படகில் அண்ணன் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக் காட்டுகிறான். பூர்வீக வீடு லண்டன்காரர்கள் விடுமுறைக்கு வந்து தங்கும் வீடாகிவிட்டது. உள்ளே கயிறும் சங்கிலியும் மாட்டிக் கடல் அலங்காரம் செய்திருக்கிறார்கள். மார்ட்டின் கடற்கரையில் வலை கட்டிக் கிடைக்கும் கொஞ்ச மீனை விற்று, படகு வாங்குவதற்காகக் காசை ஒரு டப்பாவில் சேர்க்கிறான். வண்டி நிறுத்தும் இடத்துக்காகக்கூடச் சண்டை.

2017இல் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டபிறகு நம் கரை எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றும் இல்லை. வலை காயப்போட்ட இடத்தில் கார் நிற்கிறது. அடுத்த 20 வருஷத்தில் நமக்கு வரப்போகும் சண்டை இது. ஆனால் படம் வெட்டி வெட்டிப் போகும். முன்னும் பின்னுமாகத் தாவும். முகம், கை, முடிச்சு, மீன் கண் என்று துண்டு துண்டாக வரும். சினிமா பார்த்துப் பழகிய கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சரி. கடற்கரைக் கூட்டத்துக்குச் சரிவராது. வீட்டை வாடகைக்கு விடலாமா என்று யோசிக்கும் குடும்பங்களை மட்டும் கூட்டி வைத்துப் போட்டால் நல்ல விவாதம் நடக்கும்.

ஏழு படத்திலும் இல்லாதவர்கள்

இந்த ஏழில் எதிலும் பாசிக்காரப் பெண்கள் இல்லை. கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டிக்கொண்டு, மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பாறைகளில் மூச்சடக்கி இறங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகளைப் பறித்து வருகிறவர்கள். 1986இல் அந்த 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பிறகு, வனத்துறையோடு இழுபறி அவர்களுக்கு அன்றாடம். மாதத்தில் எத்தனை நாள் இறங்குவது, எதைப் பறிப்பது, எதை விடுவது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். சின்னப்பாலத்துப் பாசித் தொழிலாளி ஒருவருக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசச் சூழல் பரிசே கிடைத்தது. கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? ‘லா தெர்ரா த்ரேமா’வில் கறுப்பு முக்காட்டோடு பாறையில் நின்று கடலைப் பார்க்கும் பெண்களின் காட்சி உலகப் புகழ் பெற்றது. அழகுதான். ஆனால் “நாங்க நின்னு பாக்குறவுக இல்ல தம்பி” என்று பாம்பனில் ஒரு அக்கா சொல்லிவிட்டால் பதில் சொல்ல முடியாது. இதற்கு வெளிநாட்டுப் படம் எதையும் கொண்டுவந்து ஈடுகட்ட முடியாது. அந்தப் படத்தை இன்னும் யாராவது எடுக்க வேண்டும்.

இனி இடம். மே மாதத்தில் தென்கடல் பக்கம் சோழகக் காற்று திரையைக் கிழித்துவிடும். வசனமும் காதில் விழாது. வடகடல் பக்கம் வைப்பதுதான் புத்திசாலித்தனம். அங்கேயும் காற்று இருக்கும் என்பதால் வசனம் அதிகமுள்ள படம் அடிபடும். தமிழ் எழுத்து கீழே ஓடினால் பெரியவர்களில் பலரால் அந்த வேகத்தில் படிக்க முடியாது. ஆகவே வெளிநாட்டுப் படம் என்றால் மைக்கில் கதை சொல்லும் ஆள் கட்டாயம். அந்த ஆள் கடலுக்குப் போய்ப் பழகியவராக இருக்க வேண்டும். ஆசிரியரோ என்னைப் போல எழுதுகிறவரோ வேண்டாம். பாம்பனில் மீனவர்களுக்கென்றே 2016 முதல் ஓடும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலியில் கேட்டுப் பழகிய மாதிரிப் பேச்சு வேண்டும். ஏலக் காட்சியில் அவர் வாயை மூடிக்கொள்ளலாம். அது எல்லோருக்கும் புரியும்.

உரிமை விஷயத்தில் யாரோ ஒருவரின் ஓடிடி கணக்கைத் திறந்து பொதுவெளியில் போடுவது சரியில்லை. படத்தின் உரிமையாளர்களிடம் முறையாக எழுதிக் கேட்க வேண்டும். சின்னப் படங்களின் உரிமையாளர்களிடம், டிக்கெட் இல்லாத மீனவர் கிராமத் திரையிடல் என்று சொன்னால் பேச்சுக்கு வழி இருக்கும் என்று நம்புகிறேன். நேரம் பிடிக்கும், இப்போதே எழுதிவிட வேண்டும்.

என் வாக்கு ‘லுட்ஸு’வுக்கு. கதையில் கணக்கு இருக்கிறது, நீளம் தாங்கும், பார்த்துவிட்டுச் சண்டைபோட விஷயம் இருக்கிறது. விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் ஒரே மணலில் உட்கார்ந்து பார்க்க முடியும். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாத படம் அது. அனுமதி வரவில்லை என்றால் ‘நீர்ப்பறவை’. டிவியில் பலர் பார்த்திருப்பார்கள், பரவாயில்லை. ஆனால் அதைப் போட்டால் முடிந்தபிறகு இழுவைமடியைப் பற்றி அரை மணி நேரம் பேச இரண்டு தரப்பையும் மேடைக்குக் கூப்பிட வேண்டும் என்பது என் நிபந்தனை. படகோட்டி கேட்ட பெரியவருக்காக, படம் தொடங்குமுன் கூட்டம் சேரும்வரை அதன் பாட்டுகளை ஒலிபெருக்கியில் போட்டுவிடலாம். அதற்கு அவர் சரி என்று சொல்லிவிட்டார். கதை சொல்லும் மைக்கையும் தன்னிடமே கொடுக்க வேண்டும் என்கிறார், அது மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.